பின்லாந்தில் யார் இருக்கிறார்கள்?

பிள்ளை,

நீ உன் அறையில் பெட்டி அடுக்குகிறாய். நான் சாப்பாட்டு மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். இடையில் ஒரு சுவர்தான். எழுந்து வந்து சொல்லிவிடலாம். ஆனால் நான் வந்து கதவைத் தட்டினால் ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று நீ நினைப்பாய், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். கடிதத்தில் அந்த ஆபத்துக் குறைவு. அது கேள்வி கேட்டாலும் பதிலுக்காக வாசலில் நின்றுகொண்டிருக்காது. அடுத்த கிழமை நீ நோர்வேயின் வடக்குக்குப் போகிறாய். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பின்லாந்து மொழியையும் நோர்வே மொழியையும் ஒன்றாகப் படிக்கப்போகிறாய். போன பிறகு எங்களுக்கு எதுவும் சொல்வதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறாய். "சொன்னா நீங்கள் விசாரிப்பியள்" என்பது நீ தந்த காரணம். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எழுத மட்டுமே இருக்கிறது.

இந்த இரண்டு மொழிகளையும் படிப்பதாக நீ முதலில் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. இறால் குழம்பை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, உப்பு எங்கே என்று கேட்பதுபோன்ற குரலில் சொன்னாய். வாயில் சோறு இருக்கும்போது மனிதர்கள் குறைவாகவே கேள்வி கேட்பார்கள் என்பதை நீ இந்த வீட்டில்தான் கற்றிருக்கவேண்டும். உன் அம்மா சோற்றை விழுங்கிவிட்டு, ஆர் பெடியன் என்று கேட்டாள். ஒரு பெடியனும் இல்லை என்றாய். அப்படியென்றால் ஏன் என்று கேட்டாள். விருப்பமாக இருக்கிறது என்றாய். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதற்கு மேல் இது உங்கள் பகுதி என்று ஒரு கோவையைக் கைமாற்றிவிடும் அதிகாரியின் பார்வை அது.

எங்கள் இரு வீட்டாரிலும் விருப்பத்துக்காக ஒரு மொழியைப் படித்தவர் எவரும் இல்லை என்பதை நீ நினைத்துப் பார்க்கவேண்டும். நான் சிங்களம் படித்தது சோதனைச் சாவடிகளில். அதனால் என் சிங்களத்தில் பெயரும் ஊரும் போகும் காரணமும் மிகச் சுத்தமாக இருக்கும், வேறொன்றும் இருக்காது. உன் மாமா ஜெர்மன் மொழியைத் தன் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட கடிதங்களிலிருந்து படித்தார். இன்றைக்கும் அவர் அந்த மொழியில் வணக்கம் சொன்னால் கேட்பவருக்கு மேன்முறையீடு செய்யவேண்டும்போல் இருக்கும். உன் அம்மா இங்கே சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையின் பொதிகட்டும் பகுதியில் பிரெஞ்சு படித்தாள். முதலில் கெதியாக, பிறகு இன்னும் கெதியாக, பிறகு தவறு என்ற சொற்களைப் படித்தாள். அவளுடைய பிரெஞ்சு இன்றும் கட்டளைகளால் ஆனது. கடைக்காரர்கள் பயந்துபோய் உடனே எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆகவே யாராவது புதிதாக ஒரு மொழி படிக்கிறார் என்று கேள்விப்பட்டால், அவர் எதிலிருந்து ஓடுகிறார் என்பதுதான் எங்களுக்கு வரும் முதல் எண்ணம். நீ ஒரே நேரத்தில் இரண்டைப் படிக்கிறாய். எங்களிடமிருந்தா என்று அன்று மேசையில் எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அதோடு என் தொழில் ஒன்று இருக்கிறது. நான் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே சந்தேகத்தை மொழிபெயர்த்து வருகிறேன். அகதிக் கோரிக்கை விசாரணையில் ஒரு பக்கம் ஊரிலிருந்து தப்பி வந்த ஒருவர் இருப்பார், மறுபக்கம் அவரை நம்பலாமா என்று முடிவெடுப்பவர் இருப்பார், நடுவில் நான். ஏன் இந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் அன்றைக்கே வரவில்லை, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள், ஏன் இவ்வளவு கெதியாக வந்தீர்கள் என்று அவர் பிரெஞ்சில் கேட்பதை நான் தமிழில் கேட்பேன். கேள்வி என்னுடையதல்ல. ஆனால் பல வருடங்களாக ஒருவருடைய கேள்விகளை இன்னொருவர் தன் வாயால் கேட்டுக்கொண்டிருந்தால், அவை அந்த வாய்க்குப் பழகிவிடும். எந்தப் பதில் நிற்கும், எந்தப் பதில் விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு காரணம் சொல்பவர்களை நம்புவார்கள். இரண்டு காரணம் சொல்பவர்களிடம் மேலும் கேட்பார்கள். விருப்பமாக இருந்தது என்று சொல்லி எவரும் அங்கே தப்பியதை நான் கண்டதில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் நீ விருப்பம் என்றபோது, என் உள்ளே இருந்த அந்தப் பிரெஞ்சுக்காரர் பேனாவை எடுத்தார்.

நோர்வே மொழியை மட்டும் படித்திருந்தாயானால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. எங்கள் வயதுக்காரருக்கு நோர்வே என்றால் இரண்டே அர்த்தங்கள்தான். ஒன்று சமாதானப் பேச்சு, மற்றது ஒஸ்லோ மாப்பிள்ளை. சமாதானப் பேச்சு முடிந்துபோன விடயம் என்பதால், மீதமிருப்பது எதுவென்று கண்டுபிடிக்க எனக்கோ உன் அம்மாவுக்கோ அதிக நேரம் தேவைப்படவில்லை. ஆனால் பின்லாந்து எங்கள் கணிப்பைக் கெடுத்தது. சுவிசில் எங்களுக்கு ஆள் இருக்கிறது, டென்மார்க்கில் ஆள் இருக்கிறது, அவுஸ்திரேலியாவில் நாங்கள் தவிர்க்க விரும்பும் ஆட்கள்கூட இருக்கிறார்கள். பின்லாந்தில் ஒருவரும் இல்லை. சொந்தக்காரர் ஒருவர்கூடப் போய்ச் சேராத நாடு உலகில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதே எங்களுக்குச் செய்தியாக இருந்தது. அந்த நாட்டின் மொழியை எங்கள் மகள் படிக்கிறாள் என்றால், அங்கே நிச்சயமாக எங்களுக்குத் தெரியாத ஒருவர் இருக்கிறார் என்று முடிவுசெய்தோம். தெரியாதவர் என்பதே அவருக்கு எதிரான முதல் சான்றாக இருந்தது.

உன் அம்மா தன் வழியில் விசாரணையைத் தொடங்கினாள். நீ மாலையில் அறைக்குள் இருந்து கணினியில் பாடம் கேட்கும் நேரங்களில், துடைக்கத் தேவையில்லாத நடைபாதையைத் துடைத்தாள். சில நாட்களில் அறிக்கை வந்தது. "ஒரு ஆம்பிளைக் குரல் கேக்குது. ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுறான். கெஞ்சுறான் போலக் கிடக்கு" என்றாள். நீ என்ன செய்கிறாய் என்று கேட்டேன். நீயும் அதையே திருப்பிச் சொல்கிறாயாம். அது இன்னும் கவலைக்குரியது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அது மொழிப் பாடத்தின் ஒலிப்பதிவு என்பதும், அந்தக் கெஞ்சும் இளைஞன் புகையிரத நிலையம் எங்கே என்று உலகம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பவன் என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. உன் அம்மா இன்றுவரை அதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் சவிரிக்கு அழைத்தேன். சவிரி என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன், ஒஸ்லோவில் இருக்கிறான், அங்குள்ள கோயிலில் பாட்டுக்குழுவை நடத்துகிறான். பாட்டுக்குழு நடத்துபவர்களுக்கு ஊரில் யார் யாரோடு வருகிறார், யார் வரவில்லை என்பது தெரியும். உன் பெயர் அங்கே எந்தப் பெடியனோடாவது அடிபடுகிறதா என்று அறிவதுதான் என் நோக்கம். ஆனால் அதை நேரே கேட்கமுடியாது. கேட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று அவன் நினைப்பான். ஆகவே நான் சுற்றி வந்தேன். மகள் நோர்வே மொழி படிக்கிறாள் என்றேன். அங்கே எங்கள் ஆட்களின் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்றேன். பெடியன்கள் என்ன படித்திருக்கிறார்கள், கோயிலுக்கு வருகிறார்களா, குடிப்பழக்கம் உண்டா என்றேன். மறுமுனையில் சவிரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "மச்சான், நீ இவ்வளவு சுத்தத் தேவையில்லை. எனக்கு விளங்குது. வேறை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை." அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். தெரிந்ததைச் சொல்லு என்றேன். "நேரிலை வாறம்" என்றான்.

இந்த இடத்தில் உனக்கு ஒரு விடயத்தை விளக்கவேண்டும், நீ இங்கே பிறந்தவள். எங்கள் ஆட்களிடையே மகள் உள்ள ஒருவர் இன்னொரு ஊரின் பெடியன்களைப் பற்றி வெறும் அறிவுக்காக விசாரிப்பதில்லை. விசாரித்தாலே கேட்டதாகிவிடும். மறுக்கும் உரிமை கேட்கப்பட்டவருக்கு உண்டு. கேட்கவில்லை என்று சொல்லும் உரிமை கேட்டவருக்குக் கிடையாது. இது எனக்குத் தெரியாத விடயமல்ல. இதே முறையில் மற்றவர்கள் மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். ஆனால் சந்தேகம் பிடித்தவனுக்குத் தான் கேட்கும் கேள்விகள் மட்டும் மற்றவர் காதில் எப்படி விழும் என்பது தெரியாது. சவிரிக்கு மணம் முடிக்காத ஒரு மகன் இருந்தான். கப்பல் பொறியியல் படித்தவன், கோயிலுக்கு வருபவன், குடிக்காதவன். நான் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவனே பதிலாக இருந்தான்.

மலைமேலுள்ள சூசையப்பர் கோயிலுக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கோடையில் வந்தார்கள். சவிரி, அவன் மனைவி பிலோமினா, மகன் நிறோஷன். லவாலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்களிடம் வந்தார்கள். பிலோமினா உடுத்தியிருந்த பட்டுச்சேலையைப் பார்த்ததும் உன் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் நல்ல கோப்பைகளை இறக்கினாள். உனக்கு ஒன்றும் தெரியாது. நூலகத்தில் பகுதிநேர வேலை முடித்து, முதுகில் பையோடு வந்தாய். அப்பாவின் பழைய சிநேகிதன் என்ற மரியாதையோடு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாய். அன்றைக்கு நீ எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாய் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகம் கஷ்டமாக இருக்கிறது.

பிலோமினா நோர்வேயிலிருந்து ஒரு பழுப்பு நிறப் பாற்கட்டி கொண்டு வந்திருந்தாள். பார்ப்பதற்குச் சவர்க்காரம் போலிருந்த அதை நான் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நீ அதன் பெயரைச் சொல்லி, மெல்லியதாகச் சீவி உண்ணவேண்டும் என்றும் சொன்னாய். அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததை நீ கவனித்திருக்கமாட்டாய். மாப்பிள்ளையைக் கண்ணால் காணும் முன்பே அவன் நாட்டுப் பாற்கட்டிவரை படித்து முடித்த ஒரு பெண்ணை அவள் அதுவரை கண்டதில்லை. நிறோஷன் உன்னிடம் நோர்வே மொழியில் ஏதோ கேட்டான். நீ பதில் சொன்னாய். அவன் மறுபடி கேட்க, நீ நிறையச் சொன்னாய், கைகளை ஆட்டிச் சொன்னாய், ஒரு இடத்தில் நிறுத்தி யோசித்தாய், பிறகு என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாய். இருவரும் சிரித்தீர்கள். என் வீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் எனக்கு விளங்காத மொழி ஒன்று நடமாடியது அன்றுதான் முதல் தடவை. அதுவும் என் மகளின் வாயில். விசாரணைக்கு வருபவர்கள் ஏன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அப்போது விளங்கியது.

பிலோமினா ஒஸ்லோவில் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்பவள், அவளுக்கு அந்த மொழி தண்ணீர்பட்ட பாடு. என்ன கதைக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். "ஒண்டுமில்லை அண்ணை, அங்கத்தைக் குளிரைப் பற்றிக் கதைக்கினம்" என்றாள். பிள்ளை, குளிரைப் பற்றி எவரும் இவ்வளவு நேரம் நிறுத்தி யோசித்துப் பேசுவதில்லை. இவ்வளவு நீண்ட பேச்சு இவ்வளவு குறுகிய மொழிபெயர்ப்பாக வந்தால், நடுவில் ஒருவர் எதையோ விழுங்கியிருக்கிறார் என்று பொருள். என் சந்தேகம் அங்கே இரண்டு மடங்காகியது. பிலோமினாவுக்கும் கேட்டதில் ஏதோ உறுத்தியிருக்கவேண்டும், ஏனென்றால் அவள் உன் பக்கம் திரும்பி, மிக அன்பாக, "நோர்வே மொழி சரி. பின்லாந்திலை ஆர் பிள்ளை இருக்கினம்?" என்று கேட்டாள்.

நீ சிரித்துக்கொண்டே ஒருவரும் இல்லை என்றாய்.

"ஒருத்தரும் இல்லாத இடத்தின்ரை பாஷையை ஆரும் படிப்பினமோ?"

அவள் கேட்டது என் கேள்விதான். சொல் மாறாமல் என் கேள்வி. என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு, நேற்றுவரை உன்னைக் கண்டிராத ஒருவர் உன்னை விசாரிக்கிறார். அந்த இடத்தில் ஒரு தகப்பன் சொல்லக்கூடியவை பல இருந்தன. தேத்தண்ணி ஆறுகிறது என்றாவது சொல்லியிருக்கலாம். நானோ பதிலைக் கேட்பதற்காக உன் முகத்தைப் பார்த்தேன். நீ பிலோமினாவைப் பார்த்தாய், சவிரியைப் பார்த்தாய், சேலையையும் நல்ல கோப்பைகளையும் பார்த்தாய், கடைசியாக நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாய். அப்போது உன் முகத்தில் இருந்த சிரிப்பு போனது.

"அப்பா, இவை ஏன் வந்திருக்கினம்?"

நான் வாய் திறக்குமுன் சவிரி பதில் சொன்னான். அவன் கெட்டவனல்ல, எல்லோருக்கும் உதவப் பார்த்தான். "கொப்பாதானே பிள்ளை விசாரிச்சவர்" என்றான். நீ எழுந்து, கோப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, எல்லோரிடமும் மன்னிக்கவேண்டும் என்று தமிழில் சொல்லிவிட்டு, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளியே போனாய். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினாய்.

அவர்கள் போகும்போது நிறோஷன் வாசலில் பின்தங்கினான். சப்பாத்துக் கயிற்றைக் கட்ட ஒரு பொறியியலாளருக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. மற்றவர்கள் மாடிப்படியில் இறங்கிய பிறகு, தனக்கு வந்த தமிழில் சொன்னான்: "அங்கிள், குளிர் இல்லை. அவ வேலை பற்றிச் சொன்னவ. உங்கட வேலை." சொல்லிவிட்டு ஓடிவிட்டான். நான் வாசலில் நின்று அந்த வசனத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்தேன். என் வேலையைப் பற்றி ஒஸ்லோக்காரனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நீ இருட்டுமுன் திரும்பி வந்தாய். வந்து என்னைத் திட்டினாய். அதை நான் இங்கே மறுபடி எழுதவேண்டியதில்லை; ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் நீ எங்களோடு அரைவாசி பிரெஞ்சிலேயே கதைத்தாய். அன்று ஒரு பிரெஞ்சுச் சொல்கூடக் கலக்கவில்லை. உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய தாய் வீட்டுத் தமிழ், ஏற்ற இறக்கம் எதுவும் குறையாமல், உன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. திட்டு வாங்குபவன் அதை ரசிப்பது முறையல்ல என்பதால் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திட்டுக்கு நடுவில்தான் எல்லாம் வந்தது. நோர்வேயின் வடகரையில் குவெனர் என்று ஓர் இனத்தவர் இருக்கிறார்கள். பல தலைமுறைகளுக்கு முன் பின்லாந்துப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டுக்குள் பேசுவது பின்லாந்து மொழிக்கு நெருங்கிய ஒரு பேச்சு, வெளியே பேசுவது நோர்வே மொழி. பிள்ளைகள் முன்னேறட்டும் என்று பெற்றோர் வீட்டுப் பேச்சைக் கொடுக்காமல் விட்டார்கள். இப்போது அந்த முதியவர்களில் சிலர் மறதி நோயோடு பராமரிப்பு இல்லங்களில் இருக்கிறார்கள். நோய் வந்தால் பின்னால் படித்த மொழி முதலில் போய்விடுமாம். எங்கே நோகிறது என்று அவர்கள் சொல்வது மருத்துவருக்கு விளங்குவதில்லை, பெற்ற பிள்ளைக்கும் விளங்குவதில்லை. அங்கே படிக்கும் ஒருத்தி இணைய வகுப்பில் உனக்கு இதைச் சொன்னாளாம். "நடுவிலை ஒரு ஆள் இருக்கோணும் அப்பா. உங்களை மாதிரி ஒரு ஆள். அதுக்கு ரெண்டு பாஷையும் வேணும்" என்றாய்.

இதை முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த நிலையிலும் கேட்டேன். என்ன வேலை செய்தாலும் செய், உந்த வேலையை மட்டும் செய்யாதே என்று நான்தான் எப்போதும் சொல்லிவந்தேனாம். மற்றவனின் வாயாக இருந்து வயிறு வளர்க்கிறேன் என்று விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பேனாம். சொல்லியிருக்கிறேன். அது நகைச்சுவையாக இருக்கும் என்று நினைத்தேன். பின்னர் நீ சொன்னது எனக்குத் தெரியாத விடயம். விசாரணைகள் கணினித் திரைக்கு வந்தபின் நான் படுக்கையறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலை செய்வேன் அல்லவா. எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியதாம். என்ன சொல்கிறார்கள் என்று விளங்காதாம், குரல் மட்டும் வருமாம். "ஒரு ஆள் அழுது அழுது சொல்லுவார். நீங்கள் அழாமல் சொல்லுவியள். ஆனா அந்த ஆள் சொன்னதிலை ஒண்டும் குறையாது. அது குரலிலையே எனக்குத் தெரியும்" என்றாய். ஒரு மாப்பிள்ளையை மறைத்திருந்தால் அவன் வீட்டாரோடு பேசியாவது பார்க்கலாம். நீ மறைத்தது என்னை. அதற்கு யாரோடு பேசுவது?

ஆனால் அன்றிரவு முழுவதும் என் காதில் இருந்தது நீ கடைசியாகச் சொன்னதுதான். அந்த மக்கள் பக்கத்து நாட்டின் பேச்சைப் பேசினார்கள் என்பதற்காகவே ஒருகாலத்தில் அரசாங்கம் அவர்களைச் சந்தேகித்ததாம். யாருக்கு விசுவாசமானவர்கள், யாருக்குத் தகவல் சொல்கிறார்கள் என்று பார்த்ததாம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சு வேண்டாம் என்றதாம். நீ அறைக்குள் போகுமுன் திரும்பி நின்று சொன்னாய்: "அவையளையும் இப்பிடித்தான் கேட்டிருப்பினம், பின்லாந்திலை ஆர் இருக்கினம் எண்டு." அதற்குப் பிறகு நீ என்னோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறாய். பாலைத் தாருங்கள், மெட்ரோ நிற்கிறதாம், பயணப்பை எங்கே. அவ்வளவுதான்.

போன கிழமை சவிரி அழைத்தான். கோபமில்லை, விடயம் முடிந்தது என்பதற்காக அழைத்ததாகச் சொன்னான். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் சுற்றினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு மட்டும் சொல்லு மச்சான், பின்லாந்திலை ஆர்?" என்றான். நான் அவனுக்கு உண்மையைச் சொன்னேன். கரையோர மக்கள், பராமரிப்பு இல்லம், மறதி நோய், மருத்துவர், நடுவில் இருக்கவேண்டிய ஆள் எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றும் குறையாமல் சொன்னேன். என் தொழில்வாழ்வில் இவ்வளவு கவனமாக எதையும் சொன்னதில்லை. சவிரி பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்து, "சரி மச்சான், சொல்ல விருப்பமில்லாட்டி விடு" என்றான். இப்போது ஒஸ்லோவில் உனக்குப் பின்லாந்தில் ஒரு வெள்ளைக்காரன் இருக்கிறான். ரொறன்ரோவுக்குச் செய்தி போனபோது அவனுக்கு ஒரு விவாகரத்தும் சேர்ந்துவிட்டதாக அறிகிறேன். உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று நான் எத்தனையோ பேருக்காக இரண்டு மொழிகளில் சொல்லியிருக்கிறேன். எனக்கு நடந்தது இதுதான் முதல் தடவை. அது நன்றாக இல்லை.

இனி உனக்கு அறிவுரை சொல்லும் இடம். தகப்பனாக எதைச் சொன்னாலும் நீ கேட்கமாட்டாய், ஆகவே தொழில்காரனாகச் சொல்கிறேன். அந்த முதியவர்கள் பொய் சொன்னால் பொய்யையே கொண்டுபோ; திருத்தாதே. அர்த்தமில்லாமல் பேசினால் அர்த்தமில்லாமலே கொண்டுபோ, அழகாக்காதே. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று உடனே சொல், அதில் வெட்கமில்லை. குளிரைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று ஒருபோதும் சுருக்காதே. முக்கியமாக உன் முகத்தைக் கவனித்துக்கொள். முடிவெடுப்பவர்கள் பேசுபவரைப் பார்ப்பதில்லை, நடுவில் இருப்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்; அதில் நம்பிக்கையீனம் தெரிந்தால் பேசுபவரின் கதை அங்கேயே முடிந்துவிடும். வேலையில் நான் இதைத் தவறவிட்டதில்லை. அன்று பிலோமினா கேட்டபோது என் வீட்டில் தவறவிட்டேன். உன்னைக் காயப்படுத்தியது அவளுடைய கேள்வியல்ல என்பது எனக்குத் தெரியும்.

எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். நிறோஷன் சொன்ன எதற்கு நீங்கள் இருவரும் சிரித்தீர்கள் என்பது எனக்கு இன்னும் தெரியாது. இணைய வகுப்பில் உனக்குச் செய்தி சொன்ன அந்த ஒருத்தி, ஒருத்திதானா என்று உன் அம்மா நேற்றும் யோசித்தாள். யோசிக்கட்டும். நான் கேட்கப்போவதில்லை. சத்தியம் செய்து ஒருவர் சொன்னதை, மறுக்கக் காரணம் இல்லாதவரை உண்மையென்றே கொள்ளவேண்டும் என்று என் வேலையிடத்தில் ஒரு விதி உண்டு. வாசிக்க அழகான விதி. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவரவேயில்லை. நீ சத்தியம்கூடச் செய்யத் தேவையில்லை. விருப்பமாக இருக்கிறது என்றால் போதும்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. இது உன் அம்மாவின் கேள்வியோ சவிரியின் கேள்வியோ அல்ல. நீ போகும் ஊரில் தமிழர் எவரும் இல்லை என்று நீயே சொன்னாய். அங்கே ஒரு நாள் உனக்குப் பொறுக்கமுடியாத கோபம் வரும். நோர்வே மொழியில் அது கோபமாக வராது, பின்லாந்து மொழியில் அதற்குச் சொல் போதாது, பிரெஞ்சு அங்கே எவருக்கும் விளங்காது. அப்போது தமிழில் யாரைத் திட்டுவாய்? யோசித்துப் பார்த்தேன், இந்த உலகத்தில் அதற்குத் தகுதியான ஆள் நான்தான் இருக்கிறேன். எந்த நேரமானாலும் அழை. நடுவில் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அப்பா